நீலக்கல்லா, பெனிடோயிட்டா?

முகிலன்: சித்தப்பா, 1.20 கேரட் நீலக் கல். ஒளி கல்லுக்குள்ள எவ்வளவு வளையுதுன்னு அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டர்ல 1.76 காட்டுது. நீலக்கல்னு அட்டையில எழுதிடவா?

சித்தப்பா: எழுதாதப்பா. பெனிடோயிட்னு இன்னொரு நீல மணிக்கல் இருக்கு, அதுவும் 1.757-லதான் ஆரம்பிக்கும். கல்லை மெதுவா சுத்திக்கிட்டே பாரு. இந்த ரெண்டு கல்லும் ஒளியை ரெண்டாப் பிரிக்கும், அதான் கருவியில ரெண்டு கோடு வரும். நீலக்கல்லுல ரெண்டு கோட்டுக்கும் நடுவுல 0.008 தாண்டி பெருசா இடைவெளி வராது. பெனிடோயிட்ல ஒண்ணு அசையாம நிக்கும், இன்னொண்ணு 1.804 வரைக்கும் ஓடும்.

அக்கா: அந்த மேல் கோட்டைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. கல்லுக்கும் கருவிக்கும் நடுவுல விடுற தொடு திரவமே 1.81, கோடு அதோட நிழலை ஒட்டி மங்கலா நிக்கும். ஒரே கோடுன்னு எழுதி நீலக்கல் ஆக்கிடுவாங்க. லென்ஸ்ல பாத்தியா?

முகிலன்: 10 மடங்குல நேரா பாத்தேன் அக்கா. எதுவும் தெரியல.

அக்கா: சாய்ச்சுப் பாருடா. ஒளி ரெண்டாப் பிரியாமப் போற திசைதான் ஒளி அச்சு, அது வழியா பாத்தா இரட்டை தெரியாது.

முகிலன்: ஆமா! பின்பக்கப் பட்டை விளிம்பெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது 😮

அக்கா: அப்ப நீலக்கல் இல்ல. அதுல விளிம்பு இவ்வளவு ரெண்டாப் பிரியாது. பிரிஞ்ச ரெண்டு ஒளியோட நிறத்தையும் பக்கத்துல பக்கத்துல காட்டுற டைக்ரோஸ்கோப்லயும் பாரு, ஒரு கட்டம் நீலம், இன்னொண்ணு கிட்டத்தட்ட நிறமே இல்லாம வரணும்.

சித்தப்பா: 254 நானோமீட்டர் புற ஊதா விளக்குல பெனிடோயிட் பளீர்னு நீல வெள்ளையா ஒளிரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கோ. ஆனா சில செயற்கை நீலக்கல்லும் அதுல வெளிறிய நீலப்பச்சை காட்டும், அதை மட்டும் நம்பாதே. எடையும் போடு. தண்ணிக்குள்ள 0.87 கேரட் வந்தா பெனிடோயிட் (அடர்த்தி 3.65), 0.90 வந்தா நீலக்கல் (4.00). ஒரு காத்துக்குமிழி ஒட்டினாலே அந்த 0.03 குறைஞ்சு ஏமாத்திடும். ஒரு சொட்டு சோப்பு விட்டுக்கோ.

அண்ணி: பேரு எப்படி வந்துச்சு மாமா?

சித்தப்பா: கலிஃபோர்னியாவுல சான் பெனிட்டோ பகுதியில கிடைச்சதும்மா, அந்த ஊர்ப் பேருதான். முதல்ல அங்கயும் நீலக்கல்னுதான் நினைச்சாங்க. 1907-ல ஜார்ஜ் லவுடர்பேக் ஆராய்ஞ்சு, இது பேரியமும் டைட்டானியமும் சேர்ந்த புது சிலிக்கேட்னு சொல்லிப் பேர் வெச்சார். படிகம் முக்கோண வடிவம். படிகங்களைச் சமச்சீர் வெச்சுப் பிரிச்ச 32 வகுப்புகள்ல ஒண்ணு அதுவரைக்கும் கணக்குல மட்டும்தான் இருந்துச்சு. அதுக்கு இயற்கையில கிடைச்ச முதல் உதாரணமே இதுதான். எவ்வளவு பெரிய விஷயம் பாரு!

அக்கா: 1985-ல அதை மாநில மணிக்கல்லாவும் அறிவிச்சாங்க அண்ணி.

முகிலன்: தண்ணியில 0.87 🙌

சித்தப்பா: பெனிடோயிட்னே எழுது. கடினம் 6-லேர்ந்து 6.5 தான், நீலக்கல்லுக்கு 9. ரெண்டையும் ஒரே பொட்டலத்துல போட்டா இது கீறிப் போயிடும், தனியா மடிச்சு வை.