ஊர் ஊற்றைச் சுத்தம் செய்ய ஆட்களைச் சேர்ப்பது எப்படி?

கோத்தகிரிக்காரன்: குழாய் வந்த பிறகு எங்கள் ஊற்றுப் பக்கம் யாரும் போவதில்லை. சுற்றிலும் உண்ணிச்செடி, உள்ளே காலி பால் பாக்கெட். மார்ச் வந்தால் குழாயில் காற்றுதான் வருகிறது! பசங்க பாதிப் பேர் கோவை, திருப்பூரில். ஊர்க்கூட்டம் போட்டால் பச்சைத் தேயிலை விலையைப் பேசியே கலைந்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

குன்னூர் அக்கா: கூட்டமே வேண்டாம் தம்பி. ஹெத்தையம்மன் பண்டிகைக்கு எல்லாரும் வருவார்களே, மறுநாள் காலையில் மண்வெட்டியோடு கூப்பிடுங்கள். சாப்பாடு அங்கேயே. உண்ணிச்செடியை வேரோடு எடுக்கணும், மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

சோலைப்பிரியன்: பக்கத்திலேயே லாங்வுட் சோலை என்கிற மலைக்காடு இருக்கிறதே, பசங்களை அங்கே கூட்டிப் போங்கள். சுற்றுவட்டார ஊர்களுக்கு அதுதான் தண்ணீர். ஊற்றுக்கு மேலே நாவல் மாதிரி சோலை மரம் வையுங்கள், வெளிநாட்டிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரம் வேண்டாம். அப்புறம், வனத்துறை இடமா என்று முதலில் பாருங்கள்.

கோத்தகிரிக்காரன்: விசாரித்துவிட்டேன், வனத்துறை இடம் இல்லை. அக்கா, சாப்பாட்டு யோசனை சரி. யார் சமைப்பது என்பதில்தான் இனி சண்டை!