தோள்பட்டை வலி: குமரி மாவட்டத்துக்காரர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மார்த்தாண்டம், பள்ளி ஆசிரியை

எனக்கு வலது தோள். முதலில் கரும்பலகையின் மேல்வரிக்குக் கை எட்டவில்லை. பிறகு பின்னால் கை கொண்டுபோய் முந்தானையைச் செருக முடியவில்லை. இரவில் அந்தப் பக்கம் சாய்ந்தால் உயிர் போகும். விழவில்லை, அடிபடவில்லை. மைனி, "கையை அசைக்காதே, தானாகச் சரியாகும்" என்றார். அசைக்காமல் இருக்க இருக்க இறுக்கம்தான் கூடியது.

எலும்பு மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "சர்க்கரை இருக்கிறதா?" இருக்கிறது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைக்கச் சொல்லி, முன்கையை வெளிப்புறமாகத் திருப்பிப் பார்த்தார். நானாகத் திருப்பினாலும் வரவில்லை, அவர் திருப்பினாலும் வரவில்லை. எக்ஸ்ரேயில் குறை எதுவும் இல்லை. உறைதோள் என்றார். மூட்டைச் சுற்றியுள்ள சவ்வுறை தடித்துச் சுருங்கிவிடுகிறதாம். 40 முதல் 60 வயதுக்குள் அதிகம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் கூடுதல். முதலில் வலி, அடுத்து இறுக்கம், பிறகு மெல்ல விடும். ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் வரைகூட இழுக்கும் என்று கேட்டபோது அழுகையே வந்துவிட்டது. மூட்டுக்குள் போட்ட ஸ்டீராய்டு ஊசியால் தூக்கம் திரும்பியது. சில நாட்கள் சர்க்கரை எகிறியது, அதையும் முன்பே சொல்லியிருந்தார். இப்போது ஒத்தடம் கொடுத்துவிட்டு, சுவரில் விரல்களால் ஏறுவதும், முதுகுக்குப் பின்னால் துவர்த்தை, அதாவது துண்டைப் பிடித்து மேலே இழுப்பதும் தினமும் நடக்கிறது.

குலசேகரம், ரப்பர் பால் வெட்டுகிறவர்

டீச்சர், என் கதை நேர் எதிர். பழைய மரங்களில் கீழ்ப்பட்டை தீர்ந்தால் உயரத்தில் வெட்ட வேண்டும். கத்தி பிடித்த கை தோளுக்கு மேலேயே நிற்கும். ஆண்டுக்கணக்கில் அப்படி. கையைப் பக்கவாட்டில் தூக்கினால் பாதி வழியில் சுருக்கென்று வலிக்கும், உச்சிக்குப் போனால் வலி குறைந்துவிடும். தைலம் தேய்த்து ஓட்டினேன். ஒரு மழைக்காலத்தில் சறுக்கியபோது கிளையைப் பிடித்துத் தொங்கினேன். அதன்பின் கை எழும்பவே இல்லை. ஆனால் தம்பி பிடித்துத் தூக்கினால் முழுதும் மேலே போகும், விட்டால் விழும்.

இந்த வித்தியாசத்தை வைத்தே மருத்துவர் தசைநாண் கிழிந்திருக்கும் என்று சொன்னார், எம்.ஆர்.ஐ. அதையே காட்டியது. மூட்டின் பந்தைக் கிண்ணத்தில் பிடித்துவைக்கும் நான்கு தசைகளில் மேலே இருப்பதன் நாண் அறுந்திருந்தது. துளை வழியே தைத்தார்கள். ஆறு வாரம் கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் கை. அந்த நாட்களில் டீச்சரின் துவர்த்துப் பயிற்சியை யாராவது சொல்லி நான் செய்திருந்தால், தையல் விட்டிருக்கும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருடைய பயிற்சியைக் கடன் வாங்காதீர்கள்.

குளச்சல், மீன்பிடித் தொழில்

என் மகனுக்குக் கரைமடி வலையைக் கரையில் நின்று இழுக்கும்போது தோள் நழுவியது. தோளின் உருண்டை வடிவம் போய் மூலை வைத்தாற்போல் நின்றது. மறுகையால் தாங்கிக்கொண்டு அலறினான். ஆளாளுக்கு இழுத்துப் போட வந்தார்கள். நான் விடவில்லை. துணியால் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மேல்கையின் வெளிப்புறத்தில் தொட்டால் தெரிகிறதா என்று முதலில் பார்த்தார்கள், அங்கே நரம்பு நசுங்கியிருக்கலாமாம். எக்ஸ்ரே எடுத்து எலும்பு முறிவு இல்லை என்று உறுதிசெய்த பிறகே, மயக்கம் கொடுத்து ஏற்றினார்கள். இளவயதில் ஒருமுறை நழுவினால் மறுபடியும் நழுவுவது அதிகம் என்றார்கள். அப்படியே ஆயிற்று. மூட்டுக் கிண்ணத்தின் கிழிந்த ஓரத்தைத் தைக்க நாள் குறித்திருக்கிறோம்.

திருவட்டார்

ஆசான்மாரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! என் பாட்டா வர்மம் படித்தவர். சதைப்பிடிப்புக்கு அவர் தடவினால் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் விரல் மரத்தது, வீங்கியது என்றால் அவரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். எல்லா இடத்திலும் அந்த நிதானம் இருப்பதாகச் சொல்ல மாட்டேன்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற செவிலியர்

நானும் அதற்கே வருகிறேன். மேல்கை எலும்பு முறிந்து மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டி, விரல்கள் நீலம் பாரித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விரல் குளிர்ந்தாலோ நிறம் மாறினாலோ தாங்க முடியாமல் வலித்தாலோ கட்டைத் தளர்த்தி உடனே வாருங்கள். மணிக்கட்டை நிமிர்த்த முடியவில்லை என்றால் நரம்பு மாட்டியிருக்கிறது.

எல்லாத் தோள்வலியும் தோளில் பிறப்பதல்ல. கையைத் தலைமேல் வைத்தால் வலி குறைகிறது, விரல் மரக்கிறது என்றால் கழுத்தைச் சந்தேகிக்க வேண்டும். படியேறும்போது இடது தோளில் வலி, வியர்வை, மூச்சுத்திணறல், கையை எப்படி அசைத்தாலும் வலியில் மாற்றம் இல்லை என்றால் தைலத்தைத் தேடாதீர்கள். 108க்கு அழைத்து ஈ.சி.ஜி. எடுக்கப் போங்கள்.

குளச்சல்காரருக்கு: அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துச் செல்லுங்கள். அந்தச் சிகிச்சைக்குப் பொருந்துமா என்று காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.