எல்ராய் ஹிர்ஷ் ஒரே வருஷத்தில் எப்படிக் கல்லூரி மாறினார்?

கேள்வி:
இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம்ம கால்பந்து இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால்) ஆட்டக்காரர்களைப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். எல்ராய் ஹிர்ஷ் 1942-ல் விஸ்கான்சின், 1943-ல் மிச்சிகன். ரெண்டும் பிக் டென் என்ற ஒரே லீகில் மோதும் கல்லூரி அணிகள். எப்படி விட்டார்கள்?

பதில்:
அவராகப் போகவில்லை, அனுப்பினார்கள். ஹிர்ஷ் கடற்படையோடு இணைந்த மரைன் படையில் சேர்ந்திருந்தார். 1943 ஜூலையில் கடற்படை தொடங்கிய வி-12 அதிகாரிப் பயிற்சி 131 கல்லூரிகளில் நடந்தது. யார் எந்தக் கல்லூரி என்பதைக் கடற்படைதான் முடிவு செய்தது. அவருக்கு விழுந்தது மிச்சிகன். போர்க்காலம் என்பதால் கல்லூரி மாறினாலும் உடனே ஆடலாம் என்று விதியைத் தளர்த்தியிருந்தார்கள்.

பில் டேலி கதை இன்னும் விசேஷம். மினசோட்டாவுக்கு ஆடியவர், வி-12 வழியாக மிச்சிகன் வந்து பழைய அணிக்கு எதிராகவே இறங்கினார். மிச்சிகன் 49-6 என்று ஜெயித்தது. அடுத்த கட்டப் பயிற்சிக்கு அழைப்பு வந்ததும் சீசன் பாதியிலேயே கிளம்பிவிட்டார். அன்றைக்கு ஒரு பையனின் ஆட்ட வாழ்க்கை பயிற்சியாளர் கையில் இல்லை, உத்தரவுக் கடிதத்தில் இருந்தது.

இன்னொருவர்:
தரைப்படை விஷயத்தையும் சேர்க்க வேண்டும். கடற்படை தன் பயிற்சி மாணவர்களை ஆடவிட்டது, தரைப்படை விடவில்லை. ஆட்களும் படைக்குப் போய்விட்டதால் அலபாமா மாதிரி பெரிய கல்லூரிக்கே 1943-ல் அணி கிடையாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி! அந்த 1942 விஸ்கான்சின் அணியில் மற்றவர்கள் என்ன ஆனார்கள்?

பதில்:
நீங்கள் கேட்டதில் சந்தோஷம், ஏனென்றால் எல்லோரும் ஹிர்ஷோடு நின்றுவிடுகிறார்கள். அவர் மிச்சிகனில் ஒரே கல்வியாண்டில் நான்கு விளையாட்டுகளில் அணிக்கு ஆடினார், அப்புறம் ராம்ஸ் என்ற தொழில்முறை அணியில் பெரிய பெயர் வாங்கினார். சரி, அது தெரிந்த கதை.

அதே விஸ்கான்சின் அணியில் எண்ட் (வரிசையின் ஓரத்தில் நின்று பந்தைப் பிடிப்பவர்) டேவ் ஷ்ரைனர். லங்காஸ்டர் என்ற சின்ன ஊர்க்காரர். ஒஹாயோ ஸ்டேட் கல்லூரி அந்த 1942 சீசனில் தோற்ற ஒரே ஆட்டம் இவர்களிடம்தான், 17-7. அதில் ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது) ஷ்ரைனருடையது. 1943-ல் டெட்ராய்ட் லயன்ஸ் என்ற தொழில்முறை அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஒரு நாள்கூட அங்கே ஆடவில்லை. மரைன் அதிகாரியாக ஜப்பானின் ஒக்கினாவா தீவுப் போருக்குப் போனார். 1945 ஜூன் 20-ல் சுடப்பட்டு மறுநாள் இறந்தார். தீவு கைப்பற்றப்பட்டதாக அறிவித்ததும் அந்த 21-ஆம் தேதிதான். எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனசு ஆறுவதில்லை. அதே விஸ்கான்சின் அணியில் டேக்கிள் (முன்வரிசைத் தடுப்பாட்டக்காரர்) பாப் பாமனும் அதே மாதம் அதே தீவில் இறந்தார்.

விஸ்கான்சின் ஷ்ரைனரின் 80-ஆம் எண்ணை யாருக்கும் கொடுப்பதில்லை. தொழில்முறைப் புள்ளிவிவரம் இல்லை என்று உங்கள் பட்டியலில் இந்த இருவரையும் விட்டுவிடாதீர்கள்.