பக்கத்தில் இருந்தவர்கள்: நம்முடைய சாட்சிகள்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி

பணம் கொடுத்துத் தாங்கியவர்களைப் பற்றி நிறைய சாட்சி கேட்டிருக்கிறோம். இந்தத் தடவை, நேரம் ஒதுக்கி நம் பக்கத்தில் இருந்தவர்களைப் பற்றி எழுதலாமே. நான் ஆரம்பிக்கிறேன்.

அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்த வருஷமே அப்பா வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கையாகிவிட்டார்கள். தலைமையாசிரியராக இருந்து ஒரு பள்ளிக்கூடத்தையே அதட்டி வேலை வாங்கிய மனுஷர். சபையார் வந்தார்கள். குறை சொல்ல மாட்டேன், அன்பாகத்தான் வந்தார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஒரு சங்கீதம், ஒரு ஜெபம், அப்புறம் "வரட்டுமா சார்?" கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அவர்கள் போனதும் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள்.

எங்கள் ஆலயத்தில் பணிவிடை செய்கிற கோயில்பிள்ளைத் தாத்தா மட்டும் வேறு மாதிரி. சாயங்கால மணியை அடித்துவிட்டு நேராக வருவார். வந்தால் இருட்டும்வரை இருப்பார். தை மாசம், பனங்கிழங்கு காலம். அவித்த கிழங்கு ஒரு கட்டு மடியில் இருக்கும். தோலை உரித்து, நகத்தால் நடுவில் பிளந்து தும்பை உருவிப் போட்டு, ஓரத்து நாரை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்து, விரல் நீளத்துக்கு ஒடித்து அப்பா கையில் வைப்பார். அப்புறம் தனக்கு ஒன்று. இரண்டு பேரும் மென்றுகொண்டே இருப்பார்கள். பல நாள் பேச்சே கிடையாது.

ஒரு நாள் அப்பாவே வாய் திறந்தார்கள். "அவ இருந்தா இதுல மிளகும் பூண்டும் வச்சு இடிச்சுத் தருவா." அடக்கத்துக்குப் பிறகு அம்மாவைப் பற்றி அப்பா பேசி அன்றுதான் கேட்டேன். தாத்தா, "ஆமா சார், அந்தக் கைப்பக்குவம் யாருக்கு வரும்" என்று மட்டும் சொன்னார். அப்பா ரொம்ப நேரம் அழுதார்கள். தாத்தா எழுந்து போகவும் இல்லை, ஆறுதல் வசனம் எதையும் எடுத்து விடவும் இல்லை. அடுத்த கிழங்கை உரித்தார்.

வேதத்தில், எல்லாவற்றையும் இழந்து கிடந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்களை நாம் திட்டுவது வழக்கம். ஆனால் அவர்கள் முதலில் செய்தது என்ன? ஏழு நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). வாதமும் குற்றச்சாட்டும் பேச ஆரம்பித்த பிறகு வந்தவை. அந்தப் புத்தகம் முழுவதிலும் அவர்கள் செய்த நல்ல ஊழியம் அந்த ஏழு நாள்தான் என்பது என் எண்ணம்.

ஷார்ஜாவிலிருந்து ஒரு சகோதரன்

ஸ்தோத்திரம். எனக்கு நேரம் கொடுத்தது என் மகள். வயது பத்து.

ஊரில் குடும்ப ஜெபம் ஒன்பது மணிக்கு. இங்கே அப்போது ஏழரை. தொழிலாளர் கேம்ப் சமையலறையில் அடுப்பு கிடைக்கிற நேரமும் அதுதான். அதனால் போனை மசாலா டப்பாக்கள்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, போட்டிம் என்ற ஆப்பில் வீடியோ கால் போட்டு ஜெபத்தில் சேர்ந்துகொள்வேன். போன ஜூலையில் ஒரு நாள் அவள் 121-ஆம் சங்கீதம் வாசித்தாள். "பகலிலே வெயிலாகிலும், இரவிலே நிலவாகிலும் உன்னைச் சேதப்படுத்துவதில்லை" என்ற வசனம் வந்ததும் நிறுத்திவிட்டு, "அப்பா, அங்க வெயில் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

கட்டட வேலை செய்கிறவனிடம் கேட்கிற கேள்வி! ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை வெளியில் வேலை செய்யக் கூடாது என்பது இங்கே சட்டம் என்று சொன்னேன். அந்த நேரத்தில் எங்கே உட்காருவோம், தண்ணீர் எங்கிருந்து வரும், கம்பி எப்படிச் சுடும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஜெபம் முடிந்து பாட்டி படுக்கப் போய்விட்டார்கள். இவள் போனை வைக்கவில்லை. "நீங்க சமைங்க, நான் ஹோம்வொர்க் பண்றேன்" என்றாள்.

அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. நான் வெங்காயம் வதக்குவேன், அவள் கணக்குப் போடுவாள். சில நாள் "குக்கர் விசில் அடிக்குதுப்பா" என்பதைத் தவிர ஒரு பேச்சும் இருக்காது. ஒவ்வொரு லீவுக்கும் பெட்டி நிறைய சாமான் கொண்டுபோகிறேன். ஆனால் அவள் தன் சிநேகிதிகளிடம், "எங்கப்பாவும் நானும் தினமும் ஒண்ணா இருப்போம்" என்று சொல்கிறாளாம். என் மனைவி அதைச் சொன்னபோது தேவனுக்கு நன்றி சொல்லவும் எனக்கு வார்த்தை வரவில்லை.

தருமபுரியிலிருந்து ஒரு சகோதரி

வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் நடந்ததை எழுதுகிறேன். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய இடம் அது. இன்றைக்கு வங்காளம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். சுற்றியிருக்கிற லாட்ஜ்களில் பெங்காலியில் போர்டு பார்க்கலாம்.

என் கணவருக்கு ஆபரேஷன். நான் தனியாக வெளியே காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெங்காலி அம்மா. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தியும் தெரியாது. அவர் மகனுக்கு முந்தின நாளே ஆபரேஷன் முடிந்திருந்தது என்பதைச் சைகையில் புரிந்துகொண்டேன். அதாவது, அவர் அங்கே காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. மகனைப் பார்த்துவிட்டுப் போகிற வழியில் என் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தவர். டாக்டர் வெளியே வந்து "நல்லபடியா முடிஞ்சுதும்மா" என்று சொல்லும்வரை என் கையை விடவில்லை. நடுவில் தன் டப்பாவிலிருந்து பொரி எடுத்துக் கொடுத்தார். நான் வேண்டாம் என்று தலையாட்ட, அதட்டிச் சாப்பிட வைத்தார்.

கையில் சங்கு வளையல், நெற்றியில் குங்குமம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு வேற்று இனத்தான் ஒருவன் உதவிய நல்ல சமாரியன் உவமையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அதில் அடிபட்டுக் கிடந்தவனின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பாளையங்கோட்டைச் சகோதரி மறுபடியும்

தருமபுரி அக்கா, படித்து அழுதுவிட்டேன்.

ஒன்று சேர்க்கத் தோன்றுகிறது. மாற்கு 3:14-ஐ எடுத்துப் பாருங்கள். இயேசு பன்னிரண்டு சீஷர்களை எதற்காக ஏற்படுத்தினார்? "தம்மோடுகூட இருக்கவும்" என்பதுதான் முதலில் வருகிறது. பிரசங்கத்துக்கு அனுப்புவது அதற்கு அப்புறம். பிடிக்கப்படுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்திலும் அவர் கேட்டது ஒரு மணி நேரம் தம்மோடு விழித்திருப்பதைத்தான். நம் சபைகளில் கூட்டங்களுக்குக் குறைவில்லை. வார நாளில் பாதி சாயங்காலம் கூட்டத்துக்கே போய்விடுகிறது. அதில் ஒரு சாயங்காலத்தை விட்டுவிட்டு, படுக்கையில் இருக்கிற ஒருவரோடு போய் உட்கார்ந்தால் அதுவும் ஆராதனைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மதுரையிலிருந்து, நர்ஸாக வேலை பார்க்கும் ஒரு சகோதரி

எல்லாவற்றையும் நைட் டியூட்டி முடிந்து வந்து படித்தேன். ஒரு விஷயத்தில் மட்டும் என் மனதையும் சொல்ல வேண்டும். எல்லார் கையிலும் ஒரே அளவு நேரம் இருப்பதில்லை. சாயங்காலத்தை விட்டுக்கொடுங்கள் என்றால், சாயங்காலமே இல்லாதவர்கள் என்ன செய்வது?

இயேசு வீட்டுக்கு வந்தபோது, சகோதரி மரியாள் அவர் பாதத்தருகே உட்கார்ந்து கேட்க, தான் மட்டும் வேலையில் மூழ்கியிருந்த மார்த்தாளைப் பிரசங்கங்களில் ரொம்பவே கடிந்துகொள்கிறோம். வந்தவர்களுக்கு யாராவது சமைக்கத்தானே வேண்டும்? இயேசு அவளுடைய சமையலைக் குறை சொல்லவில்லை. "அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்றுதான் சொன்னார். யோவான் 11:5-இல், இயேசு அன்பாயிருந்தவர்களின் வரிசையில் மார்த்தாள் பெயர்தான் முதலில் இருக்கிறது. எனக்கு அந்த வசனம் பெரிய ஆறுதல்.

என் மகன் பிளஸ் ஒன் சேர்ந்த புதிதில் வீட்டில் பேச்சையே குறைத்துக்கொண்டான். உட்கார வைத்து "என்னடா தம்பி?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பான். எனக்கோ வீட்டில் இருக்கிற நேரம் முழுக்க அடுப்படி. சரி, அங்கேயே கூப்பிட்டேன். முறம் நிறைய சின்ன வெங்காயத்தைக் கொட்டி, "ஆளுக்குப் பாதி" என்றேன். போனை இரண்டு பேரும் ஹாலில் வைத்துவிட்டு வருவது என்று பேச்சு. முதலில் சில நாள் வெங்காயம் மட்டும்தான் உரிந்தது. ஒருவரை ஒருவர் பார்க்காமல், கையில் வேலையோடு இருப்பது அவனுக்குத் தோதாக இருந்தது போல. ஒரு நாள் குனிந்தபடியே, "பயாலஜி எனக்கு வரலைம்மா. உங்களுக்காகத்தான் சேர்ந்தேன்" என்றான்.

அடுத்த நாள் அவன் அப்பாவும் ஒரு கத்தியோடு வந்து உட்கார்ந்தார். மூன்று பேருமாகப் பேசி, பள்ளியில் கேட்டு, காமர்ஸ் குரூப்புக்கு மாற்றினோம். வெங்காயம் உரிப்பது இன்னும் தொடர்கிறது. இப்போது அக்கவுண்டன்சி பற்றி அவன் பேசுவதில் பாதி எனக்குப் புரிவதில்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஷிப்டில் வேலை பார்க்கிற தாய் தகப்பன்மார் இங்கே இன்னும் இருப்பீர்கள். பிள்ளைகளோடு இருக்க எந்த நேரத்தைப் பிடிக்கிறீர்கள் என்று எழுதுங்களேன்.