முடிவு தெரிந்தபின் திகில் ஏது? 'அல்மா' குறும்படம் பற்றி

செந்தூல் ரசிகன்:
ரொட்ரிகோ பிளாஸ் 2009இல் இயக்கிய 'அல்மா' என்னும் அனிமேஷன் குறும்படத்தை நேற்றிரவு பார்த்தேன். பனி படர்ந்த தெருவில் ஒரு சிறுமி, பல பெயர்கள் கிறுக்கப்பட்ட சுவரில் தன் பெயரையும் எழுதுகிறாள். எதிரே இருக்கும் கடையில் தன்னைப் போலவே ஒரு பொம்மை நிற்பதைக் கண்டு உள்ளே போகிறாள். அவளும் பொம்மைக்குள் சிக்கப்போகிறாள் என்பதைப் பாதியிலேயே ஊகித்துவிட முடிகிற இப்படத்தைத் திகிலின் உச்சம் என்று கொண்டாடுவது மிகையாகவே தோன்றுகிறது.

ஜெலுத்தோங் வாசகி:
ஐயா, ஊகிக்க முடிவதுதான் இப்படத்தின் பலம். மேசைக்கடியில் இருக்கும் வெடிகுண்டு திடீரென வெடித்தால் பார்வையாளருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சிதான். குண்டு இருப்பதை முன்கூட்டியே தெரிவித்துவிட்டால் பதினைந்து நிமிடம் பதைபதைப்பார்கள் என்று திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் விளக்கியிருக்கிறார். இங்கே அந்தக் குண்டு, மிதிவண்டி ஓட்டும் பொம்மைப் பையன். கவிழ்ந்து கிடந்தவனைச் சிறுமி நிமிர்த்தி வைத்ததும் அவன் வாசலை நோக்கி விரைகிறான்; அவன் தப்புவதற்குள் கதவு சாத்திக்கொள்கிறது. நமக்குப் புரிந்துவிடுகிறது, அவளுக்குப் புரியவில்லை.

செந்தூல் ரசிகன்:
நல்ல உவமைதான், ஆனால் குண்டை வைத்தவனுக்கு ஒரு நோக்கம் இருக்குமே. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் என் பாட்டி சொன்ன மோகினிக் கதையில்கூட, அவள் ஏன் அந்தப் புளியமரத்தடியை விட்டு அகலவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. இந்தக் கடையை நடத்துவது யார், பிள்ளைகளைப் பிடித்து வைத்து என்ன செய்யப்போகிறார்? எதுவும் சொல்லாமல் நழுவுவதை நான் கலை என்று ஏற்கமாட்டேன்.

ஜெலுத்தோங் வாசகி:
மோகினியின் காரணம் தெரிந்தால் அவள்மேல் இரக்கம் வந்துவிடும்; இந்தக் கடையின்மேல் இரக்கம் வரக்கூடாது. எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இதைத் திரையிட்டேன். பனியையே பார்த்திராத பிள்ளைகள் யாரும் காரணம் கேட்கவில்லை. கடைசியில் கண்ணாடிக்குப் பின்னால் புதுப் பொம்மை வந்து நின்றபோது முன்வரிசைப் பையன் ஒருவன், "டீச்சர், அந்தச் சுவரை இன்னொரு தடவை காட்டுங்கள்" என்றான். நிறுத்திக் காட்டியதும், திரைக்கு அருகில் சென்று பெயர்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டான்.

செந்தூல் ரசிகன்:
காரணம் கேட்பதை நான் விடப்போவதில்லை, அம்மா. ஆனால் அந்தச் சுவரை வெறும் பின்னணி என்று எண்ணிக் கடந்துவிட்டது என் பிழைதான்.