வேட் ஹாம்ப்டன் குடும்பத்துக் கடிதங்கள், கணக்குகள்: யாராவது வழிகாட்ட முடியுமா?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்தரப்புக் குதிரைப்படைத் தளபதியாக இருந்த மூன்றாம் வேட் ஹாம்ப்டன் (1818–1902) பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். சண்டைக் கதை வேண்டாம், அதற்குப் புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன. எனக்கு வேண்டியது அவருடைய வரவு செலவு.

தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் பருத்தித் தோட்டங்கள், நூற்றுக்கணக்கான அடிமைகள் என்றிருந்தவர் 1868இல் திவாலானார். போர்தான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். போருக்கு முன்பே கடன் எவ்வளவு ஏறியிருந்தது என்று பார்க்க அடமானப் பத்திரங்களும் பருத்தித் தரகர்களின் கணக்கும் வேண்டும். (நம்மூர் கமிஷன் மண்டி மாதிரிதான்: விளைச்சலை நம்பி முன்பணம், பிறகு வட்டி.)

இந்தக் காகிதங்களைத் தேட இன்னொரு காரணமும் உண்டு. 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் எஜமானர் பெயர்தான் இருக்கும். அடிமைகளுக்குப் பொதுவாக வயது, பால், நிறம் மட்டுமே. பெயர்கள் தப்பிப் பிழைத்திருந்தால் இப்படிப்பட்ட குடும்பக் காகிதங்களில்தான்.

அமெரிக்காவின் கொலம்பியா நகரில், தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் சவுத் கரோலினியானா நூலகத்தில் ஹாம்ப்டன் குடும்பத் தொகுப்பு இருக்கிறது. அங்கே போய்வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வெளிநாட்டிலிருந்து கேட்டால் ஸ்கேன் செய்து அனுப்புவார்களா, கட்டணம் எப்படி? அந்தக் காலத்துக் கூட்டெழுத்தைப் படிக்கப் பழகியவர்களும் கை கொடுத்தால் நல்லது. அச்சில் வந்த ஒரு கடிதத்தின் படத்தோடு நேற்று இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டியதில் நாலு வரிதான் தேறியது.