பெர்லிலிருந்து ரூபிக்கு: காத்திராத சாக்கெட் வாசிப்பில் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ 200 கருவிகளிடமிருந்து சாக்கெட்டுகள் (பிணைய இணைப்பின் முனைகள்) வழியே ஒரே நேரத்தில் தரவு பெறும் பழைய பெர்ல் நிரலொன்றை ரூபியில் மாற்றி எழுதிவருகிறேன். பெர்லில் தரவு இல்லாதபோது வாசிப்புக் கட்டளையான சிஸ்ரீட் வெறுமனே அன்டெஃப் (மதிப்பு இல்லை) தந்து, பிழை மாறியில் ஈஅகெய்ன் (பிறகு முயல்க) என்று குறித்துவிடும். மறுமுனை இணைப்பை மூடியிருந்தால் 0 வரும். ரூபியில் காத்திராமல் வாசிக்கும் ரீட்_நான்பிளாக் இந்த இரண்டு நிலைகளுக்குமே எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) எறிவதால், முதல் வரைவில் திரும்பிய பக்கமெல்லாம் அதைப் பிடிக்கும் ரெஸ்க்யூதான். எக்ஸெப்ஷன் விருப்பத்துக்கு ஃபால்ஸ் கொடுத்ததும், தரவு இல்லையெனில் வெயிட்_ரீடபிள் என்ற சிம்பலும், இணைப்பு மூடப்பட்டிருந்தால் நில் என்ற வெற்று மதிப்பும் கிடைத்தன.

சிக்கல் டிஎல்எஸ் (மறையாக்கம் செய்யப்பட்ட) இணைப்புகளில் இருக்கிறது. 4096 பைட்டுகளாக வாசிக்கிறேன். டிஎல்எஸ் பதிவு ஒன்று 16384 பைட்டுகள் வரை இருக்கலாம் என்பதால், மீதி டிஎல்எஸ்ஸைக் கையாளும் நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் இடையகத்திலேயே (தற்காலிக நினைவகத்திலேயே) தங்கிவிடுகிறது. எந்தச் சாக்கெட் தயார் என்று காத்திருந்து சொல்லும் ஐஓ.செலெக்ட், அடியிலுள்ள டிசிபி சாக்கெட்டை மட்டுமே பார்ப்பதால், கையில் தரவு இருந்தும் நிரல் உறங்குகிறது.

வெயிட்_ரீடபிள் வரும்வரை சுழற்சியில் வாசித்தால் இது தீர்கிறது; ஆனால் ஓயாமல் அனுப்பும் ஒரு கருவி மற்றவற்றைக் காக்கவைத்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். ஒவ்வொரு சுற்றிலும் இடையகத்தில் எத்தனை பைட்டுகள் மீதி என்று சொல்லும் பென்டிங் மெத்தடைச் சோதித்து, மீதியுள்ள சாக்கெட்டுகளைத் தனிப் பட்டியலில் வைப்பது சரியாகுமா? வாசிக்கும்போதே வெயிட்_ரைட்டபிள் (எழுத முடியும்வரை காத்திரு) வந்தால் அந்தச் சாக்கெட்டை எழுதும் பட்டியலுக்கு மாற்றினால் போதுமா? இதைச் செய்து பார்த்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.